கார் பெயின்ட்டில் மரப்பிசினா? பெட்ரோலை எடுக்காதீர்கள், முதலில் தண்ணீர்

இராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் நிழலுக்கு இருக்கிற மரியாதையே தனி. தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் எங்கே வண்டியை நிறுத்தினாலும் கண் முதலில் தேடுவது ஒரு மரத்தைத்தான். வேம்பு, பூவரசு, புங்கை, தூங்குமூஞ்சி, எதுவும் இல்லாவிட்டால் ஓர் உடைமரமாவது வேண்டும். சித்திரை வெயிலில் அப்படி நிறுத்துவதில் தப்பே இல்லை, திரும்பி வந்து உள்ளே உட்கார முடிய வேண்டுமே. ஆனால் வந்து பார்த்தால் பானெட்டிலும் கூரையிலும் சொட்டுச் சொட்டாக ஏதோ ஒட்டியிருக்கும். தொட்டால் பிசுபிசுக்கும், இல்லாவிட்டால் கண்ணாடித் துணுக்கு மாதிரி இறுகிக் கிடக்கும். துணியை எடுத்து அழுத்தித் துடைப்போம், வராது. நகத்தால் நோண்டுவோம், கொஞ்சம் வரும், கூடவே ஒரு கோடும் விழும்.

அப்புறம் யோசனை சொல்ல ஆள் வந்துவிடுவார்கள். கீழக்கரையில் வாட்டர் வாஷ் கடைத் தம்பி, "காக்கா (அண்ணே), துணியில கொஞ்சம் பெட்ரோல் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தா போயிரும்" என்பார். இன்னொருவர் மண்ணெண்ணெய் என்பார், பெயின்ட் வேலை பார்க்கிறவர் தின்னர் என்பார், போனில் பார்த்த வெளிநாட்டு வீடியோவில் ஒருவர் ஸ்பிரிட்டை ஊற்றி அலுங்காமல் துடைத்து எடுத்ததை நாமே பார்த்திருப்போம். எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் நம் பக்கத்து மரங்களில் இருந்து வண்டிமேல் விழுவதில் பெரும்பகுதிக்கு இவற்றில் எதுவுமே மருந்து ஆகாது. வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் பொறுமையும் போதும். அது ஏன் என்பது புரிந்துவிட்டால், எந்தச் சொட்டுக்கு என்ன செய்வது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மரத்தடியில் வண்டிமேல் விழுகிற பிசுபிசுப்பு எல்லாம் ஒரே பொருள் கிடையாது. நான்கு விதம் உண்டு. நான்குக்கும் குணம் வேறு வேறு.

முதலில் பிசின். வேம்பு, கருவேலம், சீமைக்கருவேலம், உடை, முருங்கை இவற்றில் பட்டை வெடித்த இடத்திலும் கிளை வெட்டிய இடத்திலும் தேன் நிறத்தில் திரண்டு நிற்குமே, அதுதான். சர்க்கரைத் துணுக்குகள் நீளநீளமான சங்கிலியாகக் கோத்துக்கொண்ட பொருள் இது. சர்க்கரைக்குச் சொந்தக்காரன் என்பதால் இதற்குத் தண்ணீர் என்றால் பிடிக்கும்: தண்ணீரை இழுத்து உப்பும், இளகும், கரையும். எண்ணெயையும் பெட்ரோலையும் இது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. ஸ்பிரிட் இன்னும் மோசம், பிசினுக்குள் மிச்சம் இருக்கிற ஈரத்தையும் இழுத்துக்கொண்டு அதை மேலும் இறுக்கிவிடும். பாதாம் பிசின் ஊறவைத்துப் பார்த்திருப்பீர்கள். கல் மாதிரி இருக்கிற சின்னத் துண்டு ஒன்றை ராத்திரி தண்ணீரில் போட்டால் காலையில் கிண்ணம் நிறைய ஜெல்லி நிற்கும்; ஆனால் தண்ணீர் ஊற்றிய கையோடு அதைப் பிடித்துத் தேய்த்தால் ஒன்றுமே ஆகாது. பானெட்டில் இறுகிய வேப்பம்பிசினும் அப்படித்தான், அதை ஊறவைக்க வேண்டும், தேய்க்கக் கூடாது.

இரண்டாவது விதம் மரத்துடையதே இல்லை, பூச்சியுடையது. பலர் பிசின் என்று நினைத்துத் திட்டுவது பெரும்பாலும் இதைத்தான். அசுவினி, செதில்பூச்சி, மாவுப்பூச்சி, மாமரத்துத் தத்துப்பூச்சி என்று ஒரு கூட்டமே இலையிலும் தளிரிலும் ஊசி மாதிரி வாயைக் குத்தி மரத்தின் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். அந்தச் சாற்றில் சர்க்கரை ஏராளம், பூச்சி வளர்வதற்கு வேண்டிய புரதச் சத்து கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்காக நிறையக் குடித்துவிட்டு, தேவைக்கு மேல் இருக்கிற சர்க்கரைத் தண்ணீரைப் பின்பக்கமாக வெளியே தள்ளிவிடும். அதுதான் மேலே இருந்து மெல்லிய தூறலாக வண்டிமேல் இறங்குகிறது. கண்டுபிடிப்பது லேசு. பிசின் என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய சொட்டாக விழும். பூச்சியின் தேன்தூறல் என்றால் ஊசிமுனை அளவுக்குப் பளபளப்பான புள்ளிகள், கண்ணாடி, கூரை, பானெட் என்று எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும். எறும்பு வரும். நாலு நாள் விட்டுவிட்டால் அந்தச் சர்க்கரைமேல் கரும்பூசணம் வளர்ந்து, புகைபிடித்த மாதிரி ஒரு கறுப்பு படியும். தூங்குமூஞ்சி மரத்தடியிலும், தை மாசியில் பூத்து நிற்கிற மாமரத்தடியிலும் நிறுத்துகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இதற்கும் தண்ணீர்தான், கொஞ்சம் ஷாம்பூ சேர்த்த தண்ணீர். முழுக்கச் சர்க்கரை என்பதால் பிசினைவிடச் சீக்கிரமே கரைந்துவிடும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது பனை. சாயல்குடிப் பக்கம் பதநீர் இறக்குகிற காலத்தில் பனைக்குக் கீழே வண்டியை விட்டால் கலயத்தில் இருந்து சொட்டு விழும். வெறும் சர்க்கரைத் தண்ணீர்தானே என்று விட்டுவிடாதீர்கள். பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருப்பார்கள், அது கலந்த சொட்டு காய்ந்தால் வெள்ளைத் தடம் விழும், சுண்ணாம்பின் காரம் பெயின்ட்டுக்கு ஆகாது. அன்றைக்கே கழுவிவிடுங்கள். வேப்பம்பழம் உதிர்கிற ஆனி, ஆடியில் கூரைமேல் நசுங்கிக் கிடக்கிற பழச்சதையும் தண்ணீருக்குச் சொன்னபடி கேட்கும்.

மூன்றாவது, பால். ஆல், அரசு, அத்தி, எருக்கு, பப்பாளி, கள்ளி. கோயில் வாசல் அரசமரத்தில் காற்றடித்துக் கிளை முறிந்தால் வெள்ளையாகச் சொட்டும். ஈரமாக இருக்கும்வரை இதையும் தண்ணீரால் கழுவலாம், ஏனென்றால் அப்போது ரப்பர்த் துகள்கள் தண்ணீரில்தான் மிதந்துகொண்டிருக்கின்றன. காய்ந்துவிட்டால் தண்ணீர் பறந்துபோய் ரப்பர் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடும், அதற்கப்புறம் எவ்வளவு ஊற்றினாலும் பிரயோஜனம் இல்லை. பூவரசங்காயில் வடிகிற மஞ்சள் பிசுக்கையும் ஈரத்தோடு கழுவிவிடுவதுதான் புத்திசாலித்தனம், காய்ந்தால் வெள்ளை வண்டியில் அதன் கறை அசிங்கமாகத் தெரியும்.

நான்காவது, எண்ணெய்ச் சத்துள்ள பிசின். இது தண்ணீருக்கு மசியாது, ஸ்பிரிட்டுக்கும் டர்பன்டைனுக்கும் கரையும். வெளிநாட்டு வீடியோக்களில் வருவது இதுதான். அங்கே சாலையோரத்தில் பைன் மரங்கள், பைன் பிசின் இந்த ரகம். அவர்கள் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி, அதை அப்படியே எடுத்து வேப்பம்பிசின்மேல் போட்டால் பலிக்காது. நம் கடற்கரையில் இந்த ரகம் குறைவு. மாங்காயைக் காம்போடு பறிக்கும்போது பீய்ச்சி அடிக்கிற பால் ஓரளவுக்கு இப்படி, தோலில் பட்டால் புண்ணாக்குகிற அளவுக்குக் காரமும் உண்டு. மற்றபடி மே மாத லீவுக்குக் கொடைக்கானல் போய்ப் பைன் காட்டுப் பக்கம் வண்டியை விட்டுவிட்டு வந்தால் உண்டு.

எது என்று தெரியவில்லையா? பரவாயில்லை. முதலில் தண்ணீரைப் போட்டுப் பாருங்கள். பிசினும் சர்க்கரையும் என்றால் போய்விடும், போகாவிட்டால் அது பாலோ எண்ணெய்ப் பிசினோ என்று தெரிந்துவிடும். சோதனையும் அதுவே, சிகிச்சையும் அதுவே, பெயின்ட்டுக்குச் சேதமும் இல்லை.

இப்போது பெயின்ட்டைப் பற்றி. கார்த் தகடுமேல் துரு பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். நாம் பளபளப்பு என்று சொல்வது அந்தக் கடைசிப் படலத்தைத்தான். அதன் தடிமன் பொதுவாக 40, 50 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும் என்றால், நாம் நகத்தாலும் பிளேடாலும் நோண்டுவது முடியைவிட மெல்லிய ஒரு படலத்தை. அதில் வெயிலைத் தடுக்கிற மருந்தும் கலந்திருக்கிறது. அது தேய்ந்துபோனால் அடியில் இருக்கிற நிறம் வெளுக்க ஆரம்பிக்கும், அதற்கப்புறம் எந்தப் பாலிஷும் கைகொடுக்காது.

பிசின் அதைக் கெடுப்பது இரண்டு வழியில். சொட்டு விழும்போது ஈரமாகப் பரந்து உட்கார்ந்துவிடும், வெயிலில் காயும்போது சுருங்கும், சுருங்கும்போது கீழே இருக்கிற படலத்தையும் பிடித்து இழுக்கும். வெயிலில் நிற்கிற கறுப்பு வண்டியின் தகடு 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், அந்தச் சூட்டில் கிளியர் கோட்டும் கொஞ்சம் நெகிழ்ந்திருக்கும், ராத்திரி குளிர்ந்ததும் இரண்டும் சேர்ந்து இறுகும். இப்படியே நாளுக்கு நாள் நடந்தால் சொட்டின் ஓரம் ஒரு வட்டமாகப் படலத்தில் பதிந்துவிடும். இன்னொரு வழி, சொட்டில் இருக்கிற புளிப்பும் காரமும் அந்தச் சூட்டில் படலத்தை அரிப்பது. மழை அடிக்கடி பெய்கிற ஊர் என்றால் பிசின் அவ்வப்போது ஊறி ஓடிவிடும். நம் மாவட்டத்தில் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். தையில் விழுந்த சொட்டு நாமாகக் கழுவாவிட்டால் புரட்டாசி வரைக்கும் வெயிலில் வெந்துகொண்டுதான் இருக்கும்.

சரி, சின்னக் கீறல்தானே, அதற்குப் போய் இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்று கேட்கலாம். உள்ளூரில் இருப்பவர்களுக்குப் பாம்பன் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம் தன் காலம் முழுக்க உப்புக்காற்றின் அரிப்போடு போராடியது. 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தார்கள். அந்த இரும்பு நின்ற அதே காற்றில்தான் நம் கார்த் தகடும் நிற்கிறது. கிளியர் கோட்டில் மட்டும் விழுந்த கீறல் துருவாகாது, அது உண்மை. ஆனால் பிளேடு நுனி தகடுவரை இறங்கிவிட்டால் உள்நாட்டில் எத்தனையோ மாதம் தாங்குகிற இடம் மண்டபத்திலும் இராமேசுவரத்திலும் வெகு சீக்கிரம் செம்பட்டை பூத்துவிடும்.

இனி வேலைக்கு வருவோம். வண்டியை நிழலில் நிறுத்துங்கள், தகடு தொட்டால் சுடக்கூடாது. காலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ செய்வது நல்லது. வெயிலில் செய்தால் ஊறுவதற்கு முன்னால் தண்ணீர் காய்ந்துவிடும், பாதி கரைந்த பிசின் இன்னும் அகலமாகப் பரவி ஒட்டிக்கொள்ளும்.

முதல் வேலை பிசினே இல்லை, மணல். நம் பக்கம் வண்டிமேல் எப்போதும் ஒரு பொடிமணல் படலம் இருக்கும், கூடவே உப்பு. அதன்மேல் துணியை வைத்து ஒருமுறை இழுத்தாலும் வண்டி முழுக்க மெல்லிய கீறல், வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரித் தெரியும். பிசின் செய்கிற சேதத்தைவிட இந்தத் துடைப்பு செய்கிற சேதம் பெரிது என்பதுதான் நான் பார்த்தவரை உண்மை. ஆகவே துணி படாமல், வெறும் தண்ணீரை மேலிருந்து கீழாக நன்றாக ஊற்றி மணலை இறக்கிவிடுங்கள்.

போர் தண்ணீர் உப்பாயிற்றே என்றால், இந்த முதல் கழுவலுக்கு அது போதும், கடைசியில்தான் நல்ல தண்ணீர் வேண்டும். உப்புத் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்டால் வெள்ளை வட்டங்கள் விழும், பிசினை எடுக்கப் போய் அதைப் போக்குவது தனி வேலையாகிவிடும். காவிரித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ அரை வாளி இருந்தால் கடைசிக் கழுவலுக்குப் போதும். குடிக்கிற தண்ணீரை வண்டிக்கு ஊற்றுவதா என்று நம் ஊரில் யாருக்கும் மனசு உறுத்தும், உறுத்த வேண்டியதும்தான், அதனால்தான் அரை வாளி என்கிறேன். ஆர்.ஓ. மெஷினில் கழிவாக வருகிற தண்ணீரை இதற்கு எடுக்காதீர்கள், உப்பு முழுக்க அதில்தான் இருக்கும்.

மணல் போனதும், கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், முக்கியமாகக் கண்ணாடிமேல் கொதிநீரை ஊற்றவே கூடாது. மைக்ரோஃபைபர் துணி, அது இல்லாவிட்டால் பழைய பருத்தி பனியன் துணி ஒன்றை அதில் நனைத்து, சொட்டச் சொட்ட அப்படியே பிசின்மேல் ஒத்தடம் மாதிரி வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டால் கடற்காற்றில் துணி காயாமல் இருக்கும். பத்து நிமிடம் கழித்து ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள்.

இங்கேதான் அவசரப்படாமல் கவனிக்க வேண்டும். காய்ந்த வேப்பம்பிசின் முதலில் பளபளப்பை இழக்கும். மேலே வழவழப்பாக ஒரு தோல் மாதிரி வரும், தேன் நிறம் வெளுக்கும், ஓரங்கள் மெல்ல உப்பித் தகட்டைவிட்டு எழும்பும். நடு மட்டும் இன்னும் கெட்டியாக இருக்கும். இந்த நேரத்தில் தேய்த்தால் உப்பிய ஓரம் இழுபட்டுப் பக்கத்தில் பரவும், கெட்டியான நடுப்பகுதி தகட்டைக் கீறும். துணியை மறுபடி வெந்நீரில் நனைத்து இன்னொரு பத்து நிமிடம் வையுங்கள். நடுவும் இளகிவிட்டதா என்று விரல்நுனியால் லேசாகத் தள்ளிப் பார்த்தால் தெரியும், இளகியிருந்தால் மீன் செதில் மாதிரி மொத்தமாக நகரும், அழுத்தமே வேண்டாம். நகராவிட்டால் இன்னும் ஊற வேண்டும், அவ்வளவுதான். பல நாள் வெயிலில் வெந்த சொட்டு என்றால் நாலைந்து தடவை கூட வைக்க வேண்டியிருக்கும். ஒரே நாளில் முடியவில்லை என்றால் மறுநாள் தொடருங்கள், பிசின் எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை. நகர்ந்ததும் துணியின் சுத்தமான பக்கத்தால் ஒற்றி எடுத்து, கார் ஷாம்பூ கலந்த தண்ணீரில் அந்த இடத்தை ஒருமுறை கழுவி, நல்ல தண்ணீர் ஊற்றி, ஈரம் ஒற்றிவிட்டால் முடிந்தது.

பாத்திரம் கழுவுகிற திரவம் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆபத்து இல்லை, ஆனால் அது பெயின்ட்மேல் இருக்கிற மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். அவசரத்துக்கு ஒருமுறை சரி, வாராவாரம் வேண்டாம்.

இவ்வளவு ஊறவைத்தும் அசையவில்லை, தொட்டால் ரப்பர் மாதிரி இருக்கிறது, அல்லது ஈரத்திலும் கண்ணாடி மாதிரி இறுகியே இருக்கிறது என்றால் அது மூன்றாவது நான்காவது ரகம். காய்ந்த பால் என்றால் முதலில் நனைந்த விரலால் ஓரத்தில் இருந்து மெதுவாக உருட்டிப் பாருங்கள், பாதி அப்படியே சுருண்டு வந்துவிடும். மிச்சத்துக்குத் தேங்காய் எண்ணெயோ சமையல் எண்ணெயோ தடவி அரை மணி நேரம் விடலாம். மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் பெயின்ட்டை ஒன்றும் செய்யாது. தார் எடுக்க விற்கிற ரிமூவரோ துரு இளக்குகிற டபிள்யூடி-40 ஸ்பிரேயோ கையில் இருந்தால் அதைத் துணியில் அடித்து ஒற்றலாம், வேகமாக இளகும். எதைப் போட்டாலும் அப்புறம் ஷாம்பூ தண்ணீரில் கழுவியே ஆக வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நம் ஊர்ப் புழுதி பூராவும் அதில்தான் வந்து உட்காரும்.

கொடைக்கானல் பைன் பிசினுக்கும் மாங்காய்ப் பாலுக்கும் ஸ்பிரிட். மருந்துக் கடையில் கிடைக்கிற ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும், 70 சதவீதம் என்று போட்டிருப்பது நல்லது. நேராக வண்டிமேல் ஊற்றாதீர்கள். முதலில் கதவைத் திறந்து உள்பக்க ஓரத்தில், வெளியே தெரியாத இடத்தில் தொட்டு வைத்துப் பாருங்கள், துணியில் நிறம் ஏறவில்லை, இடம் மங்கவில்லை என்றால் தொடரலாம். துணியில் நனைத்து அரை நிமிடம் பிசின்மேல் வைத்து ஒற்றுங்கள், காய்வதற்கு முன் எடுங்கள், மறுபடி வையுங்கள். இளகியதும் உடனே கழுவுங்கள். கையை நீட்டிப் பக்கத்து இடத்தையெல்லாம் நனைக்க வேண்டாம், சொட்டு எவ்வளவோ அவ்வளவுதான் துணியும் தொட வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் இருக்கக் கூடாது.

அந்த உள்பக்கச் சோதனையை யாரும் தாண்டிப் போய்விடக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கம்பெனியில் அடித்து வந்த கிளியர் கோட் உலையில் வெந்து கெட்டிப்பட்டது, கொஞ்ச நேர ஸ்பிரிட்டைத் தாங்கும். ஆனால் எங்கேயோ இடித்து டிங்கரிங் பார்த்து, பட்டி போட்டு, உள்ளூரில் பெயின்ட் அடித்த கதவு அப்படித் தாங்கும் என்று சொல்ல முடியாது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால் எந்தக் கதவு புதுப் பெயின்ட் என்பதே நமக்குத் தெரியாது. பழைய வேன், ஆம்னி, அம்பாசடர் இவற்றில் பல வண்டிக்குக் கிளியர் கோட்டே இருக்காது, நிறமேதான் கடைசிப் படலம். துணியில் நிறம் ஏறினால் அதுதான் அடையாளம், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெட்ரோலும் தின்னரும் வேண்டவே வேண்டாம். பிசினை அவை கரைக்காது என்பது முதல் காரணம். தின்னர் பெயின்ட்டைக் கரைக்கத்தான் செய்யப்பட்டது, அதைப் பெயின்ட்மேல் ஊற்றிவிட்டுப் பெயின்ட் போகக் கூடாது என்று எதிர்பார்க்க முடியாது. பெட்ரோலின் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவும், வீட்டு வாசலில் செய்கிற வேலைக்கு அந்த ஆபத்து தேவையே இல்லை. நகப்பாலிஷ் எடுக்கிற திரவத்தில் அசிட்டோன் இருக்கும், அதுவும் தின்னருக்குத் தம்பிதான். பற்பசை, தேங்காய் நார், ஸ்க்ரப்பர், ரப்பிங் காம்பவுண்ட் எல்லாம் தேய்த்து எடுக்கிற சாமான்கள். பிசின் போவதற்கு முன்னால் கிளியர் கோட் போகும். எலுமிச்சம்பழமும் வினிகரும் பிசினுக்குத் தேவையில்லாத புளிப்பு.

பெயின்ட்டைத் தவிர மற்ற இடங்களையும் பார்த்துவிடுங்கள். முன்கண்ணாடியில் ஒட்டியதைத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு, ஈரம் இருக்கும்போதே புது பிளேடைச் சாய்த்து வைத்துத் தள்ளி எடுக்கலாம், கண்ணாடி தாங்கும், பெயின்ட் தாங்காது. வைப்பர் ரப்பரை விரலால் தடவிப் பாருங்கள், அதில் ஒரு துளி பிசின் ஒட்டியிருந்தாலும் போடுகிற ஒவ்வொரு தடவையும் கண்ணாடி முழுக்கக் கோடு இழுக்கும், ராத்திரி எதிரே லாரி வெளிச்சம் வரும்போது அந்தக் கோடு கண்ணை மறைக்கும். முன்விளக்கின் மூடி இப்போதெல்லாம் பாலிகார்பனேட் பிளாஸ்டிக், ஸ்பிரிட்டோ தின்னரோ தார் ரிமூவரோ பட்டால் மங்கலாம், நுண்ணிய வெடிப்பும் விழலாம். அங்கே வெந்நீரும் ஷாம்பூவும் மட்டும்தான்.

பிசின் போன பிறகு அந்த இடத்தில் ஒரு மங்கலான வளையம் தெரிகிறதா என்று பக்கவாட்டில் இருந்து வெளிச்சத்தில் பாருங்கள். தெரிந்தால் விரல் நகத்தை அதன்மேல் அழுத்தாமல் ஓட்டுங்கள். நகம் எங்கேயும் மாட்டவில்லை என்றால் படலத்தின் மேல்பரப்பில்தான் சேதம், மென்மையான பாலிஷைக் கையால் போட்டாலே பெரும்பாலும் மறைந்துவிடும். நகம் மாட்டினால் ஆழமாக அரித்திருக்கிறது, அதற்கு மெஷின் பாலிஷ் போடத் தெரிந்தவரிடம் போக வேண்டும். பாலிஷ் என்பதே கிளியர் கோட்டைக் கொஞ்சம் சீவி எடுப்பதுதான், ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை வண்டி முழுக்கப் பாலிஷ் போடச் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள், பள்ளம் இருக்கிற இடத்துக்கு மட்டும் போதும்.

வண்டியில் எப்போதும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் ஒரு சுத்தமான மைக்ரோஃபைபர் துணியும் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். புதிதாக விழுந்த பிசினுக்கும் தேன்தூறலுக்கும் அந்த இடத்திலேயே தண்ணீரைத் தாராளமாக ஊற்றி ஒற்றினால் ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதே சொட்டை மூன்று நாள் வெயிலில் விட்டால் ஒரு சாயங்காலம் முழுக்க ஒத்தடம் கொடுக்க வேண்டும்.

கவர் போட்டுவிடலாமே என்பதற்கு, கடற்கரையை ஒட்டி இருக்கிற வீடுகளுக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆடிக் காற்று எழும்பினால் கவர் நாள் முழுக்கப் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், அடியில் மாட்டிய மணல் உப்புத்தாள் மாதிரி பெயின்ட்டைத் தேய்க்கும், கதவு ஓரமும் கூரை விளிம்பும் முதலில் மங்கும். கூரைக்கொட்டகை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மரத்தடியே இருக்கட்டும், ஆனால் எந்த மாதம் எந்த மரம் என்று பார்த்து நிறுத்துங்கள்: தை மாசியில் மாமரத்தைத் தவிர்த்தால் போதும், ஆனி ஆடியில் வேம்பைவிடப் புங்கை தேவலை, இலையில் கறுப்புப் படிந்து தரையில் எறும்பு ஊர்ந்தால் அந்த மரத்தில் பூச்சி இருக்கிறது, வேறு இடம் பாருங்கள். பிசின் சொட்டுகிறது என்று மரத்தை வெட்டச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அதுமட்டும் வேண்டாம். இந்த ஊரில் ஒரு வேம்பு வளர்ந்து நிழல் தர எத்தனை வருஷம் ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். கிளையை வெட்டினாலும் வெட்டிய இடத்தில்தான் பிசின் இன்னும் அதிகமாக வடியும்.

கடைசியாக மெழுகு. கழுவிக் காய்ந்த வண்டிமேல் கார் மெழுகு ஒரு பூச்சு இருந்தால் விழுகிற சொட்டு மெழுகைத்தான் பிடிக்கும், கிளியர் கோட்டை நேராகப் பிடிக்காது, ஊறவைத்தால் பாதி நேரத்தில் எழும்பிவிடும். ஸ்பிரிட்டோ ரிமூவரோ போட்ட இடத்தில் மெழுகு போயிருக்கும் என்பதால் அந்த இடத்துக்கு அன்றைக்கே போட்டுவிடுங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த கதவு என்றால் மட்டும் அது முழுசாகக் காய ஒரு மாதம் விட்டுப் போடுங்கள். இங்கத்து வெயிலிலும் உப்பிலும் மெழுகு டப்பாவில் எழுதியிருக்கிற காலம் வரைக்கும் நிற்காது, தேதி பார்த்துப் போடாமல் தண்ணீரைப் பார்த்துப் போடுங்கள். கழுவும்போது பானெட்டில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டால் மெழுகு இருக்கிறது. தகட்டோடு தகடாகப் பரவி நின்றால் தீர்ந்துவிட்டது, அடுத்த பூச்சுக்கு நேரம்.